சிப்பாயின் உடுப்பும் ஓர் ஆசிரியரின் நூல்வரிசையும்

சரித்திர நூல்கள் அரசர்களின் பெயரைச் சொல்லும். போர் நடந்த ஆண்டையும் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதையும் சொல்லும். ஆனால் அந்தப் போர்க்களத்தில் நின்ற சாதாரணச் சிப்பாய் தலையில் எதை அணிந்திருந்தான், காலில் எதைப் போட்டிருந்தான், அவன் சட்டையின் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலான நூல்கள் மௌனம் சாதிக்கும். இந்தச் சிறு கேள்விகளுக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஆசிரியர் ஒருவர் உண்டு. அவரையும், அவர் தொட்ட பொருள் தமிழர்களாகிய நமக்கு எவ்வளவு அண்மையது என்பதையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வில்லியம் யங் கார்மன் என்பது அவர் பெயர். 1909ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர். இங்கிலாந்தின் தேசிய ராணுவப் பொருட்காட்சிச்சாலையில் துணை இயக்குநராகப் பணியாற்றியவர். அவர் எழுதிய நூல்களின் வரிசையைப் பார்த்தால், ஒருவர்தாம் இத்தனையும் எழுதினாரா என்ற வியப்பு உண்டாகும். 1955இல் வெடிமருந்துக் கருவிகளின் சரித்திரத்தைத் தொடக்க காலத்திலிருந்து 1914 வரை எழுதினார். 1957இல் பிரிட்டிஷ் ராணுவச் சீருடைகளைப் பற்றி எழுதினார். குதிரைவீரர்களின் தலையணிகளுக்கு ஒரு நூல். அவர்கள் வாள் கச்சையிலிருந்து தொங்கவிடும் தட்டைப் பைகளுக்கு மற்றொரு நூல். தொப்பிச் சின்னங்களுக்கு வேறொன்று. பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிப்போருக்கு இன்னொன்று. 1977இல் ராணுவ உடைச் சொற்களுக்கெனவே ஓர் அகராதியும் வெளியிட்டார்.

இவற்றுள் நமக்கு மிகவும் வேண்டியவை இரண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் 1947 வரை பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த இந்தியப் படைகளின் சீருடைகளை அவர் இரு தொகுதிகளாக வரைந்தார். குதிரைப்படையைப் பற்றிய தொகுதி 1961இல் வந்தது. பீரங்கிப்படை, பொறியாளர் படை, காலாட்படை ஆகியவற்றைப் பற்றிய தொகுதி 1969இல் வந்தது. நம் பாட்டன்மாரும் முப்பாட்டன்மாரும் உடுத்த உடுப்பின் சரித்திரம் அந்த ஏடுகளில் அடங்கியிருக்கிறது.

பித்தானையும் குஞ்சத்தையும் எண்ணிக்கொண்டிருப்பதும் ஒரு சரித்திரமா என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்குத் தமிழிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. சேரர்க்குப் பனம்பூ, பாண்டியர்க்கு வேப்பம்பூ, சோழர்க்கு ஆத்திப்பூ என்று நாம் பள்ளிப் பருவத்தில் படித்தோமல்லவா? அவை வெறும் அழகுக்காகச் சூடியவை அல்ல. பெரும்படைகள் கைகலக்கும் களத்தில் நம்மவன் யார், பகைவன் யார் என்று காட்டும் அடையாளம் வேண்டும். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் இப்பூக்களைப் படையோடு சேர்த்தே பேசுகிறது. ஆநிரை கவரச் செல்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, முற்றுகையிடுவோர்க்கு உழிஞை, மதில் காப்போர்க்கு நொச்சி, நேர் நின்று பொருவோர்க்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை என, வீரன் செய்யும் தொழிலையே அவன் தலைப்பூ சொல்லிவிடும். சீருடை என்னும் சொல் அன்று இல்லாமல் இருக்கலாம். சீருடை செய்யும் வேலையை அன்றே பூக்கள் செய்தன. ஆதலின் கார்மன் எடுத்துக்கொண்ட பொருள் நம் மரபுக்குப் புறம்பானது என்று சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இதில் மற்றொரு தொடர்பும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைக் கடந்து மலையேறினால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் போனக்காடு என்னும் ஊர் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் மறுபுறம்தான் பொருநை பிறக்கும் பொதியில். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். அண்மைக் காலத்தில் தோட்டம் நலிவுற்றது. எனினும் அதன் சொற்கள் மறையவில்லை. காலையில் ஆள் கணக்கெடுப்பதை அவர்கள் ‘மஸ்டர்’ என்பார்கள். வரிசையாகக் கட்டிய வீடுகளை ‘லயம்’ என்பார்கள். மஸ்டர் என்பது பட்டாளத்தில் சிப்பாய்களை நிறுத்தி எண்ணுவதற்கு வழங்கிய சொல். லயம் என்பது, பட்டாளத்தார் குடியிருப்பு வரிசையைக் குறித்த ‘லைன்’ என்னும் சொல்லின் தமிழ் உருவம். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் வழங்கும் ‘பெரட்டு’ என்ற சொல்லும் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’ என்பதன் திரிபே. தண்டு இறங்கிய ஊர்களில் வழங்கிய சொற்கள் தேயிலை மலைகளுக்கும் ஏறிவிட்டன. துப்பாக்கி பிடித்தவனையும் கொழுந்து கிள்ளியவளையும் ஒரே முறையில் வரிசைப்படுத்திய ஆட்சியின் கதை அச்சொற்களுக்குள் மறைந்திருக்கிறது. சிப்பாயின் உடுப்பை ஆராய்வது அந்த ஆட்சியின் மனத்தை ஆராய்வதற்கு ஒரு வழி.

இனி அந்த உடுப்பையே பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக் கம்பெனியாரின் காலாட்படைச் சிப்பாய் எப்படி இருந்தான்? மேலே இடுப்பளவு வரும் குறுகிய சிவப்புச் சட்டை. அது ஐரோப்பிய வெட்டு. துணியும் இங்கிலாந்திலிருந்து வந்த தடித்த கம்பளித் துணி. நம் நாட்டு வெயிலுக்கு அது ஏற்றதா என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனியார் கம்பளித் துணி விற்கும் வணிகருங்கூட. சிப்பாய்க்குச் சட்டை தைத்தால் சரக்கும் செலவாகும். கீழேயோ, தொடையளவில் நிற்கும் அரைக்காற்சட்டை. இடுப்பில் நம் நாட்டுக் கச்சை. காலில் செருப்பு. தலையில் நீல நிறத் தலைப்பாகை.

இந்த உடுப்பை ஒருமுறை கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அது இரு தரப்பாரும் எழுதாமல் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. உடம்பு கம்பெனியாருக்கு, தலையும் காலும் சிப்பாய்க்கு. சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டவன் தன் தலைப்பாகையையும், காதுக் கடுக்கனையும், நெற்றிக் குறியையும், மீசை தாடியையும் தன்னுடையதாகவே வைத்திருந்தான். ஊருக்குத் திரும்பினால் அவன் அந்த ஊர்க்காரனாகவே இருந்தான்.

அந்த உடன்படிக்கையைக் கம்பெனியார் மீறியபோது நிகழ்ந்ததே வேலூர்ப் புரட்சி. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. இவர்கள் காலத்தில் புதிய ஒழுங்குவிதிகள் பிறந்தன. சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடக்கூடாது, கடுக்கன் அணியக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, மீசையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய தலைப்பாகை போய், தோல் சின்னம் பொருத்திய புதிய தலையணி வந்தது. அது பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பியைப் போலவே இருந்தது. அக்காலத்தில் நம் மக்கள் ஐரோப்பியரைத் ‘தொப்பிக்காரர்’ என்றே குறிப்பிட்டனர். அந்தத் தொப்பியைத் தலையில் ஏற்றுக்கொண்டால் தாமும் அவர்கள் சமயத்தில் சேர்க்கப்பட்டுவிடுவோமோ என்று சிப்பாய்கள் அஞ்சினர். தோல் எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் இந்துவையும் முஸ்லிமையும் ஒருங்கே வருத்தியது. ஊரில் உள்ளோர் ஏளனம் செய்வரே என்ற கவலை வேறு.

1806 மே மாதத்தில் வேலூரில் சிப்பாய்கள் புதிய தலையணியை ஏற்க மறுத்தனர். மறுத்தவர்களுக்குக் கசையடி விதிக்கப்பட்டது. மேலதிகாரிகள் அத்துடன் காரியம் முடிந்தது என்று எண்ணினர். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி ஒலித்தது. ஆங்கிலப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். செய்தி ஆற்காட்டுக்குப் பறந்தது. கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டான். பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர்.

புரட்சிக்குக் காரணம் தலையணி ஒன்றுதானா? திப்புவின் மைந்தர்களைச் சூழ்ந்திருந்தோரின் தூண்டுதல், குறைந்த ஊதியம், இந்திய வீரன் சுபேதாருக்கு மேல் உயர முடியாத நிலை, முந்திய ஆண்டுகளில் பாளையக்காரர் ஒடுக்கப்பட்ட நினைவு என்று பல காரணங்களை ஆய்வாளர் எடுத்துரைப்பர். அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் பல நாட்களாகச் சேர்ந்து கிடந்த வைக்கோலில் விழுந்த தீப்பொறி அந்தத் தலையணி. சிப்பாய் தன் குறைகளையெல்லாம் அதில் கண்ணால் கண்டான். இதைக் கம்பெனியாரும் உணர்ந்தனர். புதிய உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1807இல் கிரடாக்கும் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஒரு தலைப்பாகை ஒரு கவர்னரின் பதவியைப் பறித்தது! வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டில், 2006இல், இந்திய அஞ்சல் துறை நினைவுத் தலை வெளியிட்டது. உடை சிறு பொருளன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய செய்திகளை ஆசிரியர்கள் எங்கிருந்து திரட்டுகிறார்கள்? லெப்டினென்ட் கர்னல் வில்சன் என்பவர் எழுதிய ‘சென்னைப் படையின் சரித்திரம்’ 1882 முதல் 1889 வரை சென்னையிலேயே பல தொகுதிகளாக அச்சாயிற்று. அவர் கைக்கொண்டது அரசாங்க உத்தரவுகளை. கார்மன் அவற்றோடு வேறு ஒரு சான்றையும் வற்புறுத்தினார். அதுதான் அந்தந்தக் காலத்திலேயே வரைந்த ஓவியம். உத்தரவு, சிப்பாய் எதை அணிய வேண்டும் என்று சொல்லும். ஓவியமோ, அவன் எதை அணிந்தான் என்று காட்டும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1957இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே, சீருடைகளைச் சமகால ஓவியங்களிலிருந்து எடுத்துரைப்பதாக அறிவிக்கிறது.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு பெருமை உண்டு. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியர் வாங்கிச் செல்வதற்காகப் படத்தொகுதிகள் வரைந்தனர். குயவன், நெசவாளி, பல்லக்குத் தூக்குவோன் என்று ஒவ்வொரு தொழிலாளியையும் மனைவியோடு நிறுத்தி எழுதினர். அவ்வரிசையில் கம்பெனிச் சிப்பாயும் மனைவியும் இருக்கிறார்கள். சிவப்புச் சட்டையின் பட்டி, கச்சையின் சுற்று, செருப்பின் வார் எல்லாம் அப்படியே பதிவாகியுள்ளன. பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி சேலை உடுத்திருக்கிறாள். பட்டாளத்து உடுப்புக்கும் வீட்டுக்கும் உள்ள உறவை அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. படங்களுட் பலவும் இன்று லண்டன் காட்சிச்சாலைகளில் உள்ளன.

காக்கியின் கதையும் இவ்வாறே நம் பக்கத்து வாசலில் வந்து நிற்கிறது. ‘காக்’ என்பது பாரசீகத்தில் புழுதி. 1846இல் பெஷாவரில் லம்ஸ்டன் என்பவர் திரட்டிய வழிகாட்டிப் படைதான் முதலில் புழுதி நிறத்தை மேற்கொண்டது. மலைநாட்டில் ஒளிந்து போரிடுவோர்க்குச் சிவப்பு நிறம் எதிரிக்குக் காட்டும் குறியாகிவிடும் அல்லவா? ஆனால் வெயிலுக்கும் துவைப்புக்கும் நிற்கும் சாயம் வேண்டுமே! மேற்குக் கடற்கரையில் மங்களூரில் பாசல் மிஷனார் நடத்திய நெசவாலையில், 1850களின் தொடக்கத்தில், ஹாலர் என்பவர் மரப்பட்டைச் சாயத்தைக் கொண்டு காக்கித் துணி நெய்தார் என்றும், போலீசாரின் உடுப்புக்கு அது பயன்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. தென்னாப்பிரிக்கப் போருக்குப் பின், 1902இல், பிரிட்டிஷ் ராணுவமே காக்கியைத் தன் பணியுடையாக ஏற்றது. உடை கீழிருந்து மேலேறிய அரிய நிகழ்ச்சி அது. இன்று போனக்காட்டு வனச் சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரின் சட்டையும் இந்த நெடுங்கதையின் ஒரு துண்டுதான்.

உடுப்பைத் தருவது ஒரு வரலாறு என்றால், உடுப்பைப் பறிப்பதும் ஒரு வரலாறு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னிந்தியர் போருக்கு ஏற்றவர் அல்லர் என்ற முடிவுக்கு வந்தார். பின்னர் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியாகி அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்தினார். வடமேற்கு மக்களையே ‘போர்க்குலத்தார்’ என்று கொண்ட கொள்கை வலுத்தது. சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் இறுதியில் அவை அறவே இல்லாமற் போயின. கம்பெனியாருக்குத் தென்னாட்டையே வென்று கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு உடுப்பு இல்லை என்று சொல்லப்பட்டது.

ஆயினும் ஒரு படை நிலைத்தது. 1780இல் திரட்டப்பட்டு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் பாலம் கட்டுவதிலும் கண்ணி அகற்றுவதிலும் இணையற்றவர்கள். ராணுவத்தில் அவர்களுக்குத் ‘தம்பிகள்’ என்பதே செல்லப்பெயர். உருளை வடிவான அவர்களுடைய உயர்ந்த தலையணியைப் பார்த்ததும் பிற படையினர் அடையாளம் கண்டுகொள்வர். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் வேண்டியபோது போர்க்குலக் கொள்கை பறந்துபோயிற்று. 1941இல் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. இப்போது அதன் தலைமையிடம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். தொப்பியில் அணியும் கறுப்புக் குஞ்சம் அதன் அடையாளம். பறிக்கப்பட்ட உடுப்பு திரும்பி வந்ததற்கு அந்தக் குஞ்சமே சாட்சி.

போனக்காடு அமைந்த பழைய திருவிதாங்கூரின் படைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்டவர்மா வென்றார். சிறைப்பட்ட டிலன்னாய் என்னும் வீரரே பின்னர் அவர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, அதன் தலைவராகவும் உயர்ந்தார். 1777இல் இறந்த அவரது கல்லறை, இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதன்மேல் லத்தீன் மொழியோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். 1830 முதல் நாயர் படை என்று பெயர் பெற்றிருந்த திருவிதாங்கூர்ப் படை, விடுதலைக்குப் பின் இந்திய ராணுவத்தில் இணைந்தது. அதன் ஒரு பிரிவு இன்று மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாளம். மலையின் இருபுறத்தாரும் இப்போது ஒரே சீருடையில் நிற்கிறார்கள்.

கார்மனைப் போலப் பொருள்களின் வாயிலாகச் சரித்திரம் கண்டவர் தமிழில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார். பொதியிலில் பிறந்த பொருநை பாய்ந்து கடலிற் கலக்கும் அந்தத் தென்சீமையிலேயே தோன்றியவர் சாத்தான்குளம் அ. இராகவன். ‘தமிழ்நாட்டுப் படைக்கலன்கள்’, ‘தமிழ்நாட்டு அணிகலன்கள்’, ‘நம் நாட்டுக் கப்பற்கலை’, ‘கோநகர் கொற்கை’, ‘ஆதிச்சநல்லூரும் பொருநைவெளி நாகரிகமும்’ என்று அவர் எழுதிய நூல்களின் பெயர்களே அவர் உள்ளத்தின் பரப்பைக் காட்டும். வாள் ஒரு பக்கம், வளையல் ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம் என்று சிதறியவை போலத் தோன்றும். அவற்றை இணைக்கும் சரடு ஒன்றே: மனிதன் கையால் செய்ததும் உடம்பில் அணிந்ததும் அவன் வாழ்க்கையின் பத்திரங்கள் என்னும் துணிபு. கார்மனின் நூல்வரிசைக்கும் அதே சரடுதான். பல பொருள்களைப் பற்றி எழுதியவர்கள் என்று இருவரையும் சொல்வதைவிட, ஒரே பொருளைப் பல வாயில்களால் அணுகியவர்கள் என்று சொல்வதே பொருந்தும்.

ஆனால் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. படைக்கலனுக்குத் தமிழில் நூல் கிடைத்துவிட்டது. தமிழ்ச் சிப்பாயின் உடுப்புக்கு, கம்பெனிக் காலம் முதல் இன்று வரை முழுமையாகச் சொல்லும் விரிவான வரலாற்றை ஆங்கிலேயர் ஒருவரின் ஏடுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. அவருக்குக் கிடைத்த சான்றுகள் உத்தரவுகளும் ஓவியங்களும். நம்மிடம் இருப்பவையோ வேறு. பட்டாளத்திலிருந்து திரும்பிய தாத்தாவின் மங்கிய புகைப்படம், பெட்டியடியில் கிடக்கும் பித்தளைச் சின்னம், பழைய கம்பளிச் சட்டை, பணிநீக்கச் சீட்டு, அந்தச் சட்டையைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை. இவை எந்தக் காட்சிச்சாலையிலும் இல்லை. பெங்களூரிலும், பம்பாயிலும், டில்லியிலும், போனக்காட்டு லயங்களிலும் வாழும் குடும்பங்களிடமே இருக்கின்றன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

அவற்றை எறியாமல் வைப்போமாக. புகைப்படத்தின் பின்புறத்தில், படத்தில் இருப்பவர் பெயரையும், அவர் சேர்ந்த படையையும், படம் எடுத்த ஊரையும், தெரிந்தால் ஆண்டையும் பென்சிலால் எழுதிவைப்போமாக. வீட்டில் முதியவர் இருந்தால் இவ்வாரமே அவரை அருகில் அமர்த்திக் கேட்போமாக. ஒரு தலைப்பாகைக்காக வேலூரில் உயிர் விட்டவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் நாம் இழந்துவிட்டோம். அவர்களுக்குப் பின் வந்தவர்களின் பெயர்களையேனும் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. தமிழ்ச் சிப்பாயின் உடுப்பைப் பற்றி நாளை தமிழில் எழுதப்போகும் ஆசிரியர், அந்தப் பென்சில் எழுத்தைத் தேடி வருவார்.